எட்டு ஜிபியில் இரண்டு எங்கே?

புது லேப்டாப் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் காரியங்களில் ஒன்று, 'திஸ் பிசி'யில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார்ப்பது. பில்லில் எழுதியதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்ற சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். 'இன்ஸ்டால்டு ராம்' என்ற வரியில் 8.00 ஜிபி என்று இருக்கும். மனசு நிறையும். அதே வரியில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண்ணும் இருக்கும்: 5.92 ஜிபி யூஸபிள். எட்டு போட்டிருக்கிறது, ஆனால் ஆறுகூடப் புழக்கத்துக்கு வராது என்று அந்த மெஷினே எழுதிக் கொடுக்கிறது.

கடைக்காரருக்கு போன் போகும். "அது அப்படித்தான் சார் காட்டும்" என்பார் ஒருவர். "ஓஎஸ் மாத்திப் போட்டா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டும் சில நேரம் சரி, சில நேரம் அப்பட்டமான தவறு. எது எப்போது சரி என்று தெரிந்துகொள்ள முதலில் ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டியதில்லை. ஒரு கழித்தல் கணக்கு போடுங்கள். எவ்வளவு காணோம் என்கிற எண்ணே, யார் எடுத்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலே சொன்ன லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். எட்டில் 5.92 போனால் 2.08. இரண்டு ஜிபியும் கொஞ்சம் சில்லறையும். இப்படி முழு எண்ணாக ஒரு துண்டு விழுந்திருந்தால் முதல் சந்தேகம் கிராபிக்ஸ் மேல்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் திரையில் படம் வரைகிற பகுதி பிராசசருக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே, பயாஸ் பொது ராமில் ஒரு பகுதியை வெட்டி கிராபிக்ஸுக்குக் கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் வந்து பார்க்கும்போது மிச்சம்தான் இருக்கும். இன்டெல் மெஷின்களில் இந்த வெட்டு வழக்கமாகச் சிறியது. ஏஎம்டி ரைசன் லேப்டாப்கள் சிலவற்றில் கம்பெனியே 2 ஜிபி என்று நிர்ணயித்து அனுப்புகிறது. பாக்கி 80 எம்பி சொச்சம் பயாஸின் சொந்தச் செலவு.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியைத் தொட்டால், கீழே 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று இந்தத் தொகை எழுதியிருக்கும். பயாஸில் 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர்' என்ற பெயரில் ஒரு செட்டிங் இருந்தால் 2 ஜிபியை 512 எம்பி ஆக்கலாம். வேர்டு, பிரவுசர், யூடியூப் என்று இருப்பவர்களுக்கு இதனால் நஷ்டம் ஏதும் தெரியாது. கிராபிக்ஸுக்கு அவசரமாக அதிகம் தேவைப்பட்டால் டிரைவர் பொது ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். ஆனால் பல லேப்டாப் கம்பெனிகள் இந்த செட்டிங்கைப் பயாஸில் கண்ணிலேயே காட்டுவதில்லை. விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா என்று கேட்டால் பதில் இல்லை.

காணாமல் போனது 0.2 அல்லது 0.3 ஜிபி என்றால் கவலையே வேண்டாம். பதினாறு போட்ட மெஷின் 15.7 காட்டுவது ஆரோக்கியத்தின் அறிகுறி. லினக்ஸில் இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதற்கும் கணக்கு உண்டு. ராமை அது 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் 64 பைட்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. அறுபத்து நான்கில் ஒரு பங்கு. எட்டு ஜிபிக்கு 128 எம்பி, கணக்கு எழுதும் செலவாக மட்டும் போய்விடும்.

அடுத்தது, இருப்பதிலேயே புகழ்பெற்ற எண்: நான்கு போட்டால் மூன்றேகால். இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ராம் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நம்பியது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ராமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. பிராசசர் அந்த எண்ணைச் சொல்லித்தான் எதையும் கேட்கும், எதையும் எழுதும். எண்ணை எழுத 32 பிட் மட்டும் இருந்தால், எழுத முடிகிற எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதுதான் 4 ஜிபி. இதுவரை எல்லோருக்கும் தெரியும். முகவரி 4 ஜிபி, ராமும் 4 ஜிபி, அப்புறம் ஏன் இடிக்கிறது? முகவரி ராமுக்கு மட்டும் சொந்தமில்லை, அதனால்தான். கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, யூஎஸ்பி, பயாஸ் சிப் எல்லாமே இதே எண் வரிசைக்குள் தங்களுக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்கின்றன. ஒரு தெருவுக்கு நகராட்சி நூறு கதவு எண்தான் ஒதுக்கியிருக்கிறது, அதில் இருபதை ஈபி ஆபீசும் தபால் ஆபீசும் தண்ணீர்த் தொட்டியும் எடுத்துக்கொண்டன என்றால், நூறு வீடு கட்டியும் இருபது வீட்டுக்குத் தபால் வராது. வீடு நன்றாகத்தான் இருக்கும், கதவு எண் இருக்காது.

யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள்? 1985-இல் வந்த 80386 பிராசசரில் ஓர் ஏற்பாடு இருந்தது. மின்சாரம் வந்ததும் அது தேடிப் போகும் முதல் கட்டளை, 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்க வேண்டும். ஆகவே பயாஸ் சிப் அந்த உச்சியில்தான் குடியிருக்க வேண்டும், வேறு வழியில்லை. இன்றைய பிராசசர்களும் இந்த வழக்கத்தை விடவில்லை. அதற்குக் கீழே இன்டரப்ட் வேலையைக் கவனிக்கும் சுற்றுகள். அப்புறம் பிசிஐ எக்ஸ்பிரஸ். இதன் விதிப்படி 256 பஸ், ஒவ்வொன்றிலும் 32 சாதனம், ஒவ்வொரு சாதனத்துக்கும் 8 செயல்பாடு, ஒவ்வொன்றுக்கும் 4 கேபி இடம். பெருக்கிப் பார்த்தால் 256 எம்பி. கார்டு ஒன்றுகூடச் செருகாவிட்டாலும் அந்த இடம் வழக்கமாக ஒதுக்கப்பட்டுவிடும். கிராபிக்ஸ் கார்டு தன் பங்குக்குச் சாதாரணமாக இன்னொரு 256 எம்பி கேட்கும். மற்றதெல்லாம் சேர்ந்தால் முக்கால் ஜிபி போயே போய்விடும். மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், 4 ஜிபி ராமும் இரண்டு 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் போட்ட ஒரு கேமிங் மெஷினில் 32 பிட் விண்டோஸுக்கு மிஞ்சியது 2.2 ஜிபிதான் என்று காட்டியிருந்தார். காசை அதிகம் கொட்டியவருக்குத்தான் அதிக நஷ்டம்.

பிசி உலகில் இந்தச் சண்டை முதல்முறை நடந்தது 1981-இல். அந்த ஆண்டு ஐபிஎம் பிசி வந்தபோது அதில் இருந்த இன்டெல் 8088-க்கு முகவரிக் கம்பிகள் இருபது. எட்டுகிற தூரம் 1 எம்பி. ஐபிஎம் அதில் 640 கேபியில் ஒரு கோடு போட்டது. கோட்டுக்குக் கீழே புரோகிராம்களுக்கு, மேலே உள்ள 384 கேபி திரைக்கும் கார்டுகளுக்கும் பயாஸுக்கும். அடிப்படை மாடலில் இருந்த ராமே 16 கேபி என்னும்போது 640 என்பது எட்டாத வானம். சில வருஷங்களிலேயே அந்த வானம் தலையில் இடித்தது. கான்ஃபிக் ஃபைலில் வரிகளை மாற்றி மாற்றி எழுதி, இன்னும் நாலு கேபி மிச்சம் பிடிக்க முடியுமா என்று ராத்திரி கண் விழித்த தலைமுறை ஒன்று உண்டு. 640 கேபி யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. அவர் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்திருக்கிறார். கோடு போட்டது ஐபிஎம், பேர் கெட்டது அவருக்கு.

அந்தக் கோட்டை இன்றைக்கும் பார்க்கலாம். லினக்ஸ் மெஷினில் பூட் லாகின் முதல் வரிகளில் பயாஸ் ஒப்படைக்கும் ஒரு வரைபடம் அச்சாகும். இ820 என்று பெயர். இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை 'யூஸபிள்', இங்கிருந்து இதுவரை 'ரிசர்வ்டு' என்று வரிசையாக இருக்கும். பழைய பாணி பயாஸ் முறையில் பூட் ஆகிற மெஷினில் முதல் 'யூஸபிள்' வரி பெரும்பாலும் 639 கேபியில் முடிந்திருக்கும். அடுத்து ஒரு சின்ன 'ரிசர்வ்டு'. பிறகு 1 எம்பியில் ஆரம்பித்து மூன்று ஜிபி சுமாருக்கு ஓடும் ஒரு நீண்ட 'யூஸபிள்'. அதற்கு மேல் 4 ஜிபி வரை சாதனங்களின் ஆக்கிரமிப்பு. கடைசியாக 4 ஜிபிக்கு மேலே, இடம் இல்லாமல் மாடிக்கு அனுப்பப்பட்ட மிச்ச ராம். முப்பத்திரண்டு ஜிபி போட்ட புத்தம் புது மெஷினாக இருந்தாலும் வரைபடத்தின் அடிவாரத்தில் அந்த 1981-ஆம் வருஷத்துப் பள்ளம் இருக்கும். காணாமல் போன ராமைத் துல்லியமாகத் தேட வேண்டும் என்றால் இந்த வரிகளைக் கூட்டிப் பார்ப்பதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

மாடிக்கு அனுப்புவது என்று சொன்னது சின்ன விஷயமில்லை. சாதனங்கள் பிடித்துக்கொண்ட முகவரிகளுக்குப் பின்னால் மறைந்துபோன ராமை 4 ஜிபிக்கு மேல் புது முகவரி கொடுத்து எழுப்புவதற்கு 'மெமரி ரீமேப்' என்று பெயர். பிராசசர், மதர்போர்டின் சிப்செட், பயாஸ், ஓஎஸ் என நான்கு பேரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். ஒருவர் மக்கர் செய்தாலும் மூன்றேகால்தான். இன்டெலின் 945 சிப்செட் இதற்குச் சரியான உதாரணம். 2005-இல் வந்து, அதற்குப் பிந்தைய சில ஆண்டுகள் லேப்டாப்களில் பரவலாக இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த கோர் 2 டுயோ அசல் 64 பிட் பிராசசர். ஆனால் சிப்செட்டுக்கு 4 ஜிபிக்கு மேல் எண்ணவே தெரியாது. அந்த மெஷினில் 64 பிட் விண்டோஸ் போட்டாலும், லினக்ஸ் போட்டாலும், நாலு ஜிபி போட்டால் மூன்று சொச்சம்தான். அந்த சிப்செட்டோடு 2006 கடைசியில் வந்த மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் 3 ஜிபிதான் உச்சவரம்பு என்று அறிவித்திருந்தது. "ஓஎஸ் மாத்திப் போட்டா சரியாயிடும்" என்ற வைத்தியம் பலிக்காத இடம் இது.

சிப்செட்டும் பிராசசரும் தயாராக இருந்தும் மூன்றேகாலில் நின்ற மெஷின்கள்தான் அதிகம். அங்கே குற்றவாளி 32 பிட் விண்டோஸ். 32 பிட் என்றால் 4 ஜிபிதானே, அது இயற்கை விதிதானே என்று பலரும் நினைத்தார்கள். இயற்கை விதி அப்படிச் சொல்லவில்லை. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே பிஏஇ என்ற ஏற்பாடு இருந்தது. புரோகிராம்கள் 32 பிட்டில் பேசினாலும், பிராசசர் வெளியே ராமைக் கேட்கும்போது 36 பிட்டில் எண் சொல்லும். எட்டும் தூரம் 64 ஜிபி. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர் 2008 என்டர்பிரைஸ், 32 பிட் பதிப்பிலேயே 64 ஜிபி வரை எடுத்துக்கொண்டது. அதே அடித்தளத்தில் கட்டிய விஸ்டா, வீட்டு மெஷினில் 4 ஜிபி முகவரியோடு நின்றுகொண்டது. ஒரே கெர்னல், இரண்டு நியாயம்.

ஏன் என்பதற்கு ருசினோவிச் சொன்ன விளக்கம் இது: வீட்டு மெஷின்களில் போடுகிற மலிவான கார்டுகளின் டிரைவர்கள் 4 ஜிபிக்கு மேல் முகவரி இருக்கக்கூடும் என்றே நினைத்து எழுதப்படவில்லை, மேலே உள்ள முகவரியைக் கொடுத்தால் மெஷின் படுத்துவிடுகிறது, ஆகவே எல்லோருக்கும் சேர்த்து எல்லையைக் கட்டினோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப் சாப்பல், கெர்னலைப் பிரித்துப் படிப்பதையே வேலையாக வைத்திருந்தவர், வேறொன்றைக் காட்டினார். விஸ்டா கெர்னலில் 4 ஜிபிக்கு மேல் போவதற்கான எல்லாமே எழுதி முடித்துத் தயாராக இருக்கிறது, அதைத் தடுப்பது லைசென்ஸ் தகவலில் உள்ள ஒரு மதிப்புதான் என்பது அவர் வாதம். என் கணக்கில் இரண்டு பேரும் சொன்னது உண்மை. டிரைவர்கள் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் அதே வீட்டு மெஷின்களில், பிஏஇ கெர்னலோடு 32 பிட் லினக்ஸ் போட்டவர்கள் முழு ராமையும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல டிரைவர் வைத்திருப்பவருக்காவது கதவைத் திறந்து விட்டிருக்கலாம், விடவில்லை. விஸ்டாவில் புகார்கள் குவிந்தபோது முதல் சர்வீஸ் பேக்கில் செய்த மாற்றம் இன்னும் வேடிக்கை: பயன்படுத்த முடிகிற ராமைக் காட்டிய இடத்தில், செருகியிருக்கும் ராமைக் காட்ட ஆரம்பித்தார்கள். வைத்தியம் நோய்க்கு இல்லை, தெர்மாமீட்டருக்கு. விண்டோஸ் 7-இல்தான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள்.

2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. அதனால் இந்தக் கதை முடிந்ததா என்றால், பழைய விண்டோஸ் 10 மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு மெஷினுக்கு எட்டு ஜிபி வாங்கிப் போடப் போகிறவர், முதலில் 'சிஸ்டம் டைப்' வரியில் 64 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினால் நல்லது.

லைசென்ஸ் போடும் எல்லை வேறு விதங்களிலும் வரும். அதன் அடையாளம், எல்லை ஓர் அழகான எண்ணில் வந்து நிற்கும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி, 64 பிட் ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16, புரொஃபஷனலுக்கு 192. ராமில் பழுது எதுவும் இல்லை, பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர்தான் வேறு. இப்போது ஹோம் பதிப்புக்கே 128 ஜிபி அனுமதி என்பதால் யாரும் முட்டிக்கொள்வதில்லை.

இதுவரை சொன்னதில் எதிலும் சேராமல், ஒட்டாத ஓர் எண் காணாமல் போயிருந்தால் யூடியூபைச் சந்தேகப்படுங்கள். 'கம்ப்யூட்டரை ராக்கெட் வேகத்தில் ஓடவைக்க' என்று தலைப்பிட்ட வீடியோக்களில் தவறாமல் வரும் காட்சி: எம்எஸ்கான்ஃபிக்கைத் திற, 'பூட்' டேபுக்குப் போ, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' அழுத்து, 'மேக்ஸிமம் மெமரி' என்ற கட்டத்தில் டிக் போட்டு உன் ராம் அளவை எழுது. அந்தக் கட்டம் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக வைத்தது. பெரிய மெஷினில் உட்கார்ந்துகொண்டு, ராம் குறைவான மெஷினில் தங்கள் சரக்கு எப்படி ஓடும் என்று சோதிக்கிற இடம். அதில் எழுதும் எண் உச்சவரம்பு. ராமை அது கூட்டாது. சரி, எட்டு ஜிபி மெஷினில் முழு எட்டையும் எழுதினால் ஒன்றும் ஆகாதுதானே? ஆகும். அந்த எண்ணை விண்டோஸ் அளவாக எடுத்துக்கொள்வதில்லை, முகவரியாக எடுத்துக்கொள்கிறது: இந்த முகவரிக்கு மேல் எதையும் தொடாதே என்று. சாதனங்களுக்கு இடம் விட்டு மாடிக்குப் போன ராம் இருப்பதோ எட்டு ஜிபி முகவரிக்கும் மேலே. டிக் போட்ட மறுநிமிடம் அது அம்போ. டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வந்துவிடும். செலவே இல்லாமல் ராம் கூடுகிற இடங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக, சரிபாதி காணோம் என்கிற கேஸ். பதினாறு போட்டால் எட்டு, எட்டு போட்டால் நாலு. இதில் ஓஎஸ், லைசென்ஸ் பேச்செல்லாம் வேண்டாம். நேராகப் பயாஸுக்குள் போய் அது என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். பயாஸே எட்டு என்று சொன்னால், விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் எட்டுதான். ஒரு ஸ்டிக் கண்ணில் படவில்லை.

பாதி நேரம் அது ஸ்லாட்டில் முழுசாக உட்கார்ந்திருக்காது. இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கிறது. அந்தப் பக்கம் 'டக்' என்று சத்தம் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம், மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். சர்வீஸ்காரர்கள் ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேலி செய்ய வேண்டாம், பல நேரம் பலிக்கிற வைத்தியம். தேய்த்த தூளை ஊதித் தள்ளாமல் அப்படியே செருகினால்தான் வம்பு. பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது இன்னும் சுத்தம்.

அதற்கும் மசியாவிட்டால், ஒரே ஒரு ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்டிக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்டிக் போச்சு. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால், உடனே மதர்போர்டைக் குறை சொல்லத் தோன்றும். அதற்கு முன் பிராசசரைப் பார்க்க வேண்டும். ராமோடு பேசுகிற கன்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டின் சிப்செட்டில்தான் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அதைப் பிராசசருக்குள் கொண்டுபோனது, இன்டெல் 2008-இல் நெஹலமோடு பின்தொடர்ந்தது. ஆகவே இன்று ராம் ஸ்லாட்டின் கம்பிகள் நேராகப் பிராசசரின் அடிவயிற்றுக்குப் போகின்றன. அங்கே தொடர்பு ஏற்படுத்துபவை சாக்கெட்டில் இருக்கும் மயிரிழை போன்ற பின்கள். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பெயருக்கு ஏற்றபடி 1700 பின். அதில் ராமுக்கான ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு சேனலே அடங்கிவிடும். மெஷின் வழக்கம்போல ஆன் ஆகும், விண்டோஸ் வரும், கேம் ஓடும், ராம் மட்டும் பாதி.

பின் வளையாமலேயே இது நடக்கும். பிராசசரின் மேல் இருக்கிற கூலரின் நான்கு திருகுகளில் ஒரு மூலை மட்டும் அதிகமாக முறுக்கப்பட்டிருந்தால் பிராசசர் நூலளவு சாய்ந்து, எதிர் மூலையில் பின்கள் சரியாகத் தொடாமல் நிற்கும். கூலரைக் கழற்றி, தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு வந்தால், போன எட்டு ஜிபி திரும்பி வருவதுண்டு. வரவில்லை என்றால் பிராசசரைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பின் வரிசைகளைப் பார்க்க வேண்டும். நேராக இருக்கும் பின்களின் நுனிகள் ஒரே மாதிரி மின்னும், வளைந்தது மட்டும் வேறு திசையில் பளிச்சிடும். ஊசியால் நிமிர்த்துகிறவர்கள் உண்டு, கை நடுங்காதவர்கள். முயல்வதற்கு முன் வாரண்டி அட்டையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. வளைந்த பின்னைப் பெரும்பாலான கம்பெனிகள் வாங்கியவர் செய்த சேதக் கணக்கில்தான் எழுதுகின்றன.